பால்மரத்துப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

உங்களில் பலருடைய அடையாள அட்டை எண்ணின் நடுவில் 08 என்று இருக்கும். பேராக்கில் பிறந்ததற்கு அதுதான் அத்தாட்சி. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் 10 அல்லது 14 வந்துவிட்டது. சிலாங்கூரும் கோலாலம்பூரும்தான் அவர்களுக்குச் சொந்த ஊர். சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் பீடோரிலும் தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டுப் போனவர்களின் மக்கள் நீங்கள். பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வருகிறீர்கள். வாருங்கள், உங்களைப் பார்ப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் திரும்பிப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் பையைப் பற்றி நேராகவே பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பையில் என்ன இருக்கிறது? குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை, சாவிக்கொத்து, ஈப்போ என்று அச்சடித்த துணிப்பை, பிளாஸ்டிக் விசிறி. பழைய நகரத்து லோரோங் பங்லிமாவின் நெரிசலில் நின்று, பத்து வெள்ளிக்கு மூன்று என்று பொறுக்கி எடுத்தவை. இதே சாமான் பினாங்கு ஆர்மேனியன் ஸ்திரீட்டில் இருக்கிறது, மலாக்கா ஜோங்கர் ஸ்திரீட்டிலும் இருக்கிறது. ஊர்ப் பெயர்தான் வேறு. எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்து, பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கியவை. அவற்றுக்காக இந்த ஊரில் ஒரு கைகூட அசையவில்லை. கொஞ்ச நாளில் காந்தம் கழன்று விழும், பொம்மை குப்பைக்குப் போகும், அங்கேயும் மக்காமல் கிடக்கும்.

கடைக்காரர்கள் மேல் பழி போட எனக்கு மனமில்லை. பழைய நகரத்தில் வாடகை ஏறிவிட்டது. எது ஓடுகிறதோ அதைத்தான் அவர்களால் அடுக்கி வைக்க முடியும். ஓட வைப்பது நீங்கள். இதை யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்று கடையில் நின்று கேட்கிறவர்கள் அபூர்வம். கேட்காத பொருளை எந்தக் கடைக்காரர் கொண்டுவந்து வைப்பார்?

ஈப்போ அழகைப் பற்றி அக்கறை உள்ள ஊர். 1917-இல் கட்டி முடித்த இரயில் நிலையத்தை ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வரைந்து கொடுத்தார். நூறு வருடம் தாண்டியும் அதன் முன்னால் நிற்காமல் யாரும் போவதில்லை. 2014-இல் எர்னஸ்ட் ஸக்காரேவிச் சுவர்களில் படம் வரைந்தார். காப்பிக் கோப்பையோடு இருக்கும் தாத்தாவுக்குப் பக்கத்தில் உங்கள் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடிக்கிறீர்கள். கோங் ஹெங் என்னும் பழைய கட்டடத்தை வடிவமைப்பாளர் இங் செக் சான் கையில் எடுத்தபோது பழைய சுவரைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டு விடுதியாக்கினார். பழையதை மதிக்கவும் அதை வைத்துப் புதியதைச் செய்யவும் இந்த ஊருக்குத் தெரியும் என்பதற்கு இவை போதும்.

ஆனால் இந்த அழகில் நாம் எங்கே இருக்கிறோம்? நினைவுப் பொருள் கடைகளில் ஈயச் சுரங்கம் இருக்கிறது, காப்பிக் கடை இருக்கிறது, வளைவு வளைவாகக் கடைவீடுகள் இருக்கின்றன. அவை இருக்கட்டும், அவை உண்மையான வரலாறு. ரப்பர் மட்டும் கண்ணில் படுவதே அரிது. கிந்தாப் பள்ளத்தாக்கைச் சுற்றி எத்தனை தோட்டங்கள், எத்தனை லயங்கள், விடியுமுன் எத்தனை விளக்குகள்! ஒரு தலைமுறை முழுக்க வெட்டிய பால் இந்த மாநிலத்தைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு. அதற்கு ஒரு அலமாரித் தட்டுகூட இல்லை. அது இல்லை என்பதை நாமே கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

வடக்கே காரைத் திருப்புங்கள். சுங்கை சிப்புட்டைத் தாண்டினால் கோலகங்சார், ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் மிஞ்சியது அது. பிரேசிலிலிருந்து விதையாகப் புறப்பட்டு, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கிழக்கே வந்த கூட்டத்தைச் சேர்ந்தது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியதற்குக் காரணமான மரம். அதன் கீழே உங்கள் பிள்ளைகளை நிறுத்தி ஒரு படம் எடுத்திருக்கிறீர்களா?

அதே ஊரில் பேராக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங். சுரைக்குடுக்கை வடிவில் கறுப்பாக இருக்குமே, லாபு சாயோங் என்னும் தண்ணீர்க் குடுவை, அது பிறக்கும் கிராமம். அங்கே ஒரு பட்டறையில் நின்று பாருங்கள். சூளையிலிருந்து குடுவை தணலாகச் சிவந்து வெளியே வரும். ஆறவிடாமல் அப்படியே நெல் உமிக்குள் புதைப்பார்கள். உமி எரியாமல் புகையும். அந்தப் புகை சூடான மண்ணுக்குள் இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் துடைத்தால் மினுமினுவென்று கறுப்பு. சாயமில்லை, மெழுகில்லை. ஆற்றங்கரை மண்ணும் அறுவடை முடிந்த வயலின் கழிவும் சேர்ந்து உண்டாக்கிய நிறம். இன்று பல பட்டறைகளில் அச்சில்தான் வார்க்கிறார்கள், கையால் வனைகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இருந்தாலும் விளிம்பைச் சீவுவதும் பூவேலை கீறுவதும் உமியில் புதைப்பதும் கைதான். மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என்றைக்காவது கைதவறி உடைந்தாலும் மண் மண்ணோடு சேரும். மலாய்க்காரர்களின் தொழில்தானே என்று ஒதுங்காதீர்கள். அவர்கள் ஆற்றின் அந்தக் கரையில் மண் பிசைந்தார்கள், நாம் இந்தக் கரையில் மரம் சீவினோம். இரண்டும் பேராக்கின் கைவேலைதான்.

ஆமாம், மரம் சீவுவதையும் கைவேலை என்றுதான் சொல்கிறேன். நம்மவர்களுக்குக் கைத்தொழில் ஏதும் தெரியாது, கூலி வேலைதான் செய்தார்கள் என்று நம் வீடுகளிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அம்மா பால் வெட்டினார். கத்தியைப் பட்டையில் சரிவாக வைத்து இழுத்தால் காகிதம்போலச் சீவல் சுருண்டு விழும். ஒரு நூல் அதிகம் இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் முண்டு கட்டிவிடும், அப்புறம் அங்கே கத்தி ஓடாது, கங்காணியிடமும் பேச்சு வாங்க வேண்டும். ஒரு நூல் குறைந்தால் பால் வராது. இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியோடு, ஒரு மரம் விடாமல் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஆழத்தைப் பிசகாமல் பிடித்தவர்கள் அவர்கள். அந்தத் திறமையைத் தொழில் என்று எழுதிவைக்க ஆளில்லாததால் அது கூலியாகவே போய்விட்டது.

அந்த மரத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. ஏறக்குறைய இருபத்தைந்து, முப்பது வயதான பிறகு அதைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். நம் தாத்தா காலத்தில் சாய்ந்த மரம் விறகு. ரப்பர் சீட்டு உலர்த்தும் புகைக்கூட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே கொளுத்துவார்கள். பலகையாக அறுத்தால் நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும். அறுத்த சூட்டோடு போரான் உப்புக் கரைசலை ஏற்றி, உலையில் ஈரத்தை இறக்கினால் பலகை நிற்கும் என்று கண்டறிந்த பிறகு நிலைமை மாறியது. 1980-களிலிருந்து பால்மரம் மேசையாக, நாற்காலியாக, கட்டிலாக உலகம் முழுக்கப் போகிறது. மலேசியா ஏற்றுமதி செய்யும் மரச்சாமான்களில் பெரும்பங்கு அதுதான். காட்டை அழித்து எடுக்கும் மரமில்லை. ஒரு வாழ்நாள் பாலைக் கொடுத்துவிட்டு, எரிந்து சாம்பலாகாமல் இரண்டாவது வாழ்க்கை வாழும் மரம். சூழலுக்கு இசைந்த நினைவுப் பொருள் என்று இந்த ஊரில் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மங்கிய வெண்ணெய் நிறம், மெல்லிய ரேகை, உளிக்கு வளைந்து கொடுக்கும் பதம். கரண்டியாகும், தாம்பூலத் தட்டாகும், பிள்ளைகளுக்குப் பம்பரமாகும். அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டில் நாற்காலியாக நிற்கிற நம் மரத்தில், ஈப்போ கடைத்தெருவில் ஒரு சின்னக் கிண்ணம் தேடினால் அலைய வேண்டியிருக்கிறது.

அதற்குப் பதிலாக வேறொன்றைப் பார்க்கிறேன். பழம்பொருள் கடைகளில் பால் பிடிக்கும் தோட்டத்து மங்குகளை அடுக்கி விற்கிறார்கள். நம் அம்மாக்கள் மரம் மரமாகக் கவிழ்த்துத் துடைத்து வைத்த அதே மங்கு. வாங்கிப் போகிறவர்கள் அதில் சின்னக் கள்ளிச்செடி நட்டு ஜன்னலோரம் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் அது எந்தத் தோட்டத்து மங்கு, யாருடைய நிரையில் தொங்கியது என்று ஒரு வரிகூட இல்லாமல், வெறும் அலங்காரச் சட்டியாகப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உங்களில் சிலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வாழ்க்கையை மறக்கத்தானே படித்து முன்னேறினோம், அதை ஏன் வீட்டு அலமாரியில் கொண்டுவந்து வைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் தட்டிவிட மாட்டேன். லயம் இனிமையான இடமில்லை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய சம்பளம் போச்சு. கள்ளுக்கடை எத்தனை வீட்டின் உலையை அணைத்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்தபோது, முள்கம்பிக்குள் அடைபட்டவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது, கையில் சொற்பப் பணத்தோடு பட்டணத்து ஓரத்தில் வந்து விழுந்தோம். அந்த விழுதலைத்தான் ‘ஜகாட்’ படத்தில் பார்த்தோம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த படமாகத் தேர்வானபோது கைதட்டவும் செய்தோம். இதையெல்லாம் அழகுப்படுத்தி விற்கச் சொல்லவில்லை. தோட்டத்தை இனிக்க இனிக்கக் காட்டும் பொருள் எனக்கும் வேண்டாம். உண்மையைச் சொல்லும் பொருள் வேண்டும். கரண்டியோடு ஒரு சீட்டு வரட்டும்: இது பால்மரம், இன்ன தோட்டத்தில் வளர்ந்தது, இன்னார் செதுக்கியது. அந்தச் சீட்டைப் படிக்கிற பிள்ளை ‘தோட்டம்னா என்னம்மா?’ என்று கேட்கும். அப்போது நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

விலை அதிகம் என்பீர்கள். அதிகம்தான். ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து செய்ததற்கும் இயந்திரம் நொடியில் துப்பியதற்கும் ஒரே விலை இருந்தால் யாரோ ஒருவர் வயிற்றில் அடிபடுகிறார் என்று அர்த்தம். குறைந்த கூலி என்றால் என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? மூன்று காந்தப் பொம்மைக்குப் பதிலாக ஒரே ஒரு பொருள் வாங்குங்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வேண்டுமென்றால் புந்தோங்குக்கு வாருங்கள்.

ஈப்போவின் புந்தோங் உங்களில் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் இடம்தான். கச்சாங் பூத்தே என்னும் கடலை, முறுக்குப் பண்டத்தின் கிராமம் என்றே பெயரெடுத்த மூலை இங்கே இருக்கிறது. பட்டாணியும் கடலையும் கப்பலில் வந்தாலும், மாவு பிசைவதும் உரலில் பிழிவதும் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் வேகுவதும் நம் குடும்பங்கள்தான். அடுப்பு விடியற்காலையிலேயே மூண்டுவிடும். முறுக்கு மாவு எண்ணெயில் விழுந்ததும் பொங்கும் குமிழ்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். குமிழ் அடங்கும் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்லிவிடுவார்கள், சட்டியைப் பார்க்கக்கூட மாட்டார்கள். இந்தப் பண்டம் முன்பெல்லாம் காகிதக் கூம்பில் சினிமாக் கொட்டகை வாசலில் விற்றது. இன்று பிளாஸ்டிக் பையில் கட்டுகிறார்கள், நமத்துப் போகாமல் இருக்க வேறு வழியில்லை. அந்த வழியை நீங்கள் கொடுக்கலாம். வீட்டிலிருந்து மூடி போட்ட டின்னையோ தூக்குச்சட்டியையோ கொண்டுவந்து நீட்டுங்கள். உங்களைப் பார்த்து அடுத்தவரும் கொண்டுவருவார்.

இவ்வளவும் தனித்தனியாக வரும்போது செய்யக்கூடியவை. நான் பெரிதாகக் கேட்க வந்தது வேறு. நாம் கூட்டமாக வாங்குகிறோமே, அதைப் பற்றி.

நம் கல்யாணங்களில் டோர் கிஃப்ட் கொடுக்காமல் விருந்தாளியை அனுப்புவதில்லை. ஐந்நூறு பேர், எண்ணூறு பேர், ஆயிரம் பேர். பிளாஸ்டிக் டப்பா, கண்ணாடிச் சிமிழ், மினுக்கும் சாவிக்கொத்து. இணையத்தில் தட்டினால் மொத்தமாக வந்து இறங்கிவிடும், மண்டப மேசையிலேயே பாதி அநாதையாகக் கிடக்கும். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் கூட்டம், ஆலயக் கும்பாபிஷேகம், சங்கத்தின் ஆண்டு விருந்து எல்லாவற்றிலும் ஒரு நினைவுப் பரிசு உண்டு. இப்போது தோட்டத்து ஒன்றுகூடல்களும் நடக்கின்றன. முப்பது வருடம் பார்க்காதவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நல்லது. ஆனால் அந்தத் தோட்டத்தின் பெயரை அச்சடித்த கோப்பை எங்கிருந்து வருகிறது? தோட்டத்தை நினைவுகூர நாம் செலவழிக்கும் பணத்தில் ஒரு காசாவது அந்த மண்ணில் மிச்சம் இருப்பவர்களுக்குப் போகிறதா?

கூட்டமாக வாங்கியே ஒரு கைத்தொழிலை மீட்கலாம் என்பதைத் தமிழ்நாட்டுச் செட்டிநாட்டில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் செட்டியார்கள் கொடுத்த கடனில் மலாயாவில் எத்தனையோ தோட்டங்கள் எழுந்தன, அதனால் அது நமக்கு அந்நிய ஊரில்லை. அங்கே கல்யாணச் சீரில் பனையோலைக் கொட்டான் கட்டாயம் இருந்தது. பிளாஸ்டிக் வந்ததும் முடைகிறவர்கள் அருகிப்போனார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் விசாலாட்சி ராமசாமி என்னும் அம்மையார் தம் அறக்கட்டளை மூலம் கிராமத்துப் பெண்களுக்கு மறுபடி முடையக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தது பாதி வேலை. கல்யாண வீடுகள் மறுபடி கொட்டான் கேட்டு வாங்கியதுதான் மீதிப் பாதி. அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய கூடை இன்று பந்தியில் கைமாறுகிறது.

நமக்கும் கூட்டாகச் சேரும் பழக்கம் புதிதில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தக் கைகள் கட்டியது அன்றாடக் கூலியில் பிடித்துவைத்த வெள்ளி. நான் உங்களிடம் புதிதாக ஒரு வெள்ளியும் கேட்கவில்லை. எப்படியும் செலவழிக்கப் போகும் பணத்தின் திசையை மாற்றக் கேட்கிறேன்.

வீட்டில் வரும் அடுத்த கல்யாணத்துக்கோ, தோட்டத்து ஒன்றுகூடலுக்கோ நினைவுப் பரிசைப் பேராக்கில் செய்ய வையுங்கள். மண்டபம் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். கைவேலைக்காரரிடம் மூன்று வாரத்துக்கு முன்னால் போய் ஆயிரம் உருப்படி கேட்டால் அவர் என்ன செய்வார்? முடியாது என்பார், நீங்களும் மறுபடி இணையத்துக்குப் போவீர்கள். ஐந்தாறு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், பாதிப் பணத்தைக் கையில் கொடுங்கள். சாயோங்கில் உள்ளங்கை அளவுக் குடுவை கேளுங்கள். மெங்குவாங் தாழை முடைகிற பெண்களிடம் வெற்றிலைப் பெட்டி கேளுங்கள். மரப்பட்டறை வைத்திருக்கும் நம் பையன்களிடம் பால்மரத்தில் குங்குமச் சிமிழ் கடைந்து தரக் கேளுங்கள். செய்ததில்லை என்பார்கள், ஒரு மாதிரிக்குப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளில் வடிவமைப்புப் படித்தவர்கள் இருப்பார்கள். கோலாலம்பூரில் விளம்பரக் கம்பெனிக்கு வரைகிறவர்களை ஒரு வாரக் கடைசியில் இங்கே அழைத்துவந்து அந்தப் பட்டறையில் உட்கார வையுங்கள். ரப்பர் விதையின் தவிட்டு நிறத் திட்டுகளை அவர்கள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். தரையில் சூடு பறக்கத் தேய்த்து நண்பன் கையில் வைத்து அலற வைப்போமே, அதையும் சொல்லிக்கொடுங்கள். அதிலிருந்து ஒரு வடிவம் பிறக்காதா?

தீபாவளிக்கு முறுக்கு வேண்டுமென்றால் புந்தோங்கில் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். கடைசி வாரத்தில் அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பழைய நகரத்துக் கடைகளுக்குப் போகும்போது, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பேராக்கில் செய்தது என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஒரு விடுமுறை முழுக்க எல்லாரும் கேட்டால் அடுத்த விடுமுறைக்குள் அலமாரி மாறும்.

ஒன்றுகூடல் செயற்குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டி-சட்டைக்கு அளவு கேட்கும் அதே வாட்சாப் குழுவில் இதையும் இந்த வாரமே போடுங்கள். பொருளோடு வைக்கும் சீட்டில் உங்கள் தோட்டத்தின் பெயரும் செய்தவர் பெயரும் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். செய்தவருக்கு முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, அவரையும் விருந்துக்கு அழையுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்து, புந்தோங்கில் குடியிருக்கும் உங்கள் சகோதரி